கூண்டில் கட்டிய வேப்பிலை

தென்காசி மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்த காலத்தில் என்னிடம் வருகிற நோயாளிகள் எல்லாம் நாலு காலில்தான் வருவார்கள். பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாம் வகுப்போடு முடிந்துபோயிற்று. மிச்சப் படிப்பை டாக்டர் மேஜையில் கிடந்த தடித்த புத்தகங்களிலும், மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் வாயிலும் படித்தேன். இரண்டாவது பாடம்தான் ருசி. "எங்க செவலைக்கு என்னன்னு தெரியல அண்ணாச்சி, ரெண்டு நாளா புது மருமவ மாதிரி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது" என்பார் ஒருத்தர். புத்தகத்தில் அதையே அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கும், அப்போதும் புரியாது.

நான் சொல்லப்போவது இரண்டாம் யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்தி. அந்த வருஷம் சாரல் சீக்கிரமே இறங்கிவிட்டது. குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் நீளமான ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. உள்ளே வரிசையாக மரக் கூண்டுகள். கூண்டுகளில் முப்பத்துநாலு குரங்குகள். குற்றாலத்தில் வீட்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டும், அருவிக்கு வருகிறவர்கள் கையிலிருந்து பழத்தைப் பறித்துக்கொண்டும் திரிந்த நம் ஊர்க் குரங்குகள்தான். அவற்றைப் பிடித்து ரயிலேற்றினால் மெட்ராசில் மருந்து ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

பிடிக்கிறவரை நாங்கள் கூண்டுக்காரர் என்றே சொன்னோம். நல்ல உயரம், பேச்சு குறைவு. அவரைப் பற்றி ஊருக்கு இரண்டு அபிப்பிராயம் உண்டு, அதுவும் ஒரே ஆளுக்கே இரண்டும் இருக்கும். ஓடு உடைந்தவன் வந்து, "அண்ணாச்சி, எங்க தெருவுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்று கெஞ்சுவான். அவர் போய்ப் பிடித்துச் சாக்கில் கட்டித் தூக்கி வரும்போது அவனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அனுமார இப்படிக் கட்டித் தூக்கிட்டுப் போறாரே, இவருக்கு நல்ல சாவு வருமா?" என்பான்.

குரங்குகளுக்குத் தீனி போடுவது அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். காலையில் கேப்பைக் களி, மத்தியானம் அவித்த கிழங்கு. கூட வந்து கடலை உரித்துப் போட அவர்களுடைய மூத்த பெண்பிள்ளை, ஏழு வயசு. அந்த அக்காவுக்கு ஒவ்வொரு குரங்கும் ஒரு சொந்தக்காரர். "அந்தா மூலைல இருக்குல்லா, அது எங்க நாத்தனா. எம்புட்டுக் குடுத்தாலும் பத்தாது. இந்தா இது எங்க பெரிய மாமா, தின்னுக்கிட்டே தூங்குவாரு." நான் சும்மா போகிற வழியிலும் இதைக் கேட்கவே தோப்புக்குள் நுழைந்துவிட்டு வருவேன்.

திடீரென்று ஒரு வாரத்தில் அந்தச் சொந்தக்காரர்களில் பலர் படுத்துவிட்டார்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, மனுஷனைப் போல இருமல். பெரிய மாமா தின்னாமலே தூங்கினார். பத்து நாளில் ஆறு குரங்குகள் செத்துப்போயின. எங்கள் மாட்டு டாக்டர் தோப்பு வாசலில் நின்றே பார்த்தார். "எனக்கு சர்க்கார் மாடு, குதிரை, ஆடு மூணுக்குத்தான் சம்பளம் குடுக்கு" என்று சொல்லிவிட்டு மெட்ராசுக்கு எழுதிப் போட்டார். அங்கிருந்து வந்தவர்தான் துரை.

துரை குரங்கு நோய்களை ஆராய்கிற வெள்ளைக்கார டாக்டர். குற்றாலத்தில் பங்களாவில் இறங்கினார். முதல் நாளே அருவியடியில் எண்ணெய் தேய்க்கிறவர்களிடம் தலையைக் கொடுத்துவிட்டு, அடித்துப் பிசைந்த சுகத்தில் வில்வண்டி ஏறி வந்தார். ஆள் வருவதற்கு முன்னால் நல்லெண்ணெய் வாசனை வந்தது. மெட்ராசில் ஒரு முன்ஷியிடம் இரண்டு வருஷம் தமிழ் படித்தவராம். முன்ஷி நிகண்டிலிருந்து ஆரம்பித்து, அதிலேயே நிறுத்திக்கொண்டார் போல.

"ஐயா, இக்குரங்குகள் எந்நாள் முதற்கொண்டு பிணியுற்றன?" என்று கேட்டார்.

கூண்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "என்னவே, வேதக் கோயில் பிரசங்கம் மாதிரி இருக்கு. நம்மள மதம் மாறச் சொல்லுதாரா?" என்றார்.

"என்னைக்குலேர்ந்து சீக்குன்னு கேக்காரு."

"அத அப்படிக் கேக்க வேண்டியதுதான?"

அன்று முதல் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. தமிழைத் தமிழாக மாற்றுகிற வேலை. துரை கேட்பதை நம் பேச்சில் கூண்டுக்காரரிடம் சொல்வேன். இவர்கள் சொல்வதைப் புத்தகத் தமிழில் துவைத்து மடித்துத் துரையிடம் கொடுப்பேன். மடிக்கும்போது கசங்கலான இடங்களை உள்ளே தள்ளிவிடுவேன். அது மரியாதை என்று நினைத்தேன். அதனால் என்ன வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

துரையிடம் அச்சடித்த கேள்வித் தாள் ஒன்று இருந்தது. குடிக்கிற தண்ணீர் எந்தக் கிணறு, தீனி என்ன, கொட்டகையில் எலி உண்டா என்று நீண்டுகொண்டே போயிற்று. நடுவில் ஒரு கேள்வி: "இவ்விலங்குகளோடு பழகும் மனிதரில் எவருக்கேனும் நோய் உண்டா?"

நான் திருப்பிக் கேட்டேன். "ஒங்க வீட்ல யாருக்கும் சீக்கு கீக்கு உண்டுமா?"

"சீக்கா? எங்க வீட்லயா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார் கூண்டுக்காரர். பொய் சொல்கிற மனுஷர் இல்லை அவர். அந்தப் பதிலுக்கு அவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருப்பார். துரை 'இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

கேள்விகள் முடிந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, துரை கூண்டுக்காரரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். இது இதுவரை பார்க்காத ஒரு புது நோயாக இருந்தால் காட்டுக்கும் பரவும், ஊருக்கும் பரவும். வருகிற சனிக்கிழமைக்குள் இன்னதென்று தெரியாவிட்டால் மிச்சமுள்ள இருபத்தெட்டையும் மயக்க மருந்து கொடுத்துக் கொன்று, சுண்ணாம்புக் குழியில் போட்டு மூடவேண்டும். குழியை இப்போதே வெட்டி வைப்பது நல்லது. அவரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியை வெகு நேரம் துடைத்தார்.

இதை மட்டும் என்னால் மடித்துக் கொடுக்க முடியவில்லை. அப்படியே சொன்னேன். கூண்டுக்காரர் கூண்டுப் பக்கம் திரும்பினார்.

"அதுகளப் பிடிச்சுக் குடுக்கது யாரு?"

"நீங்கதான். வேற யாரு கைக்கு வரும்?"

"மூக்குல பஞ்ச வைக்கது?"

"நான்தான்."

"சரியாப் போச்சு. ரெண்டு பேரும் அதுக்குப் பெறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ஊர்ல நடமாட? ரயிலேத்தி விட்டதுக்கே என்னை ராவணன்னு சொல்லுதானுவ. இத்தன உசுர ஒரே நாள்ல என் கையாலயா?" என்றவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்பின் கோடிக்குப் போனார். சாரலில் நனைந்துகொண்டே ஒரு சாண் வெட்டுவார், நிற்பார். அந்த வாரம் முழுக்க அந்தக் குழி முழங்கால் ஆழத்தைத் தாண்டவில்லை. அவ்வளவு மெதுவாகக் குழி வெட்டி நான் பார்த்ததே இல்லை.

துரையின் ஆராய்ச்சி ஆரம்பித்தது. உழைப்பென்றால் அப்படி ஓர் உழைப்பு. கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து காலை முதல் சாயங்காலம் வரை குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூண்டுக்காரர் ஒவ்வொன்றாகச் சாக்கில் பிடித்துக் கொடுக்க, நான் காலைப் பிடிக்க, அவர் வெப்பமானியை வைக்கவேண்டிய இடத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். நாத்தனார் முறைக்காரிக்கு வைத்தபோது அது திரும்பி ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், துரையே தொப்பியைக் கழற்றிவிட்டார். ரத்தம் எடுத்தார், சளி எடுத்தார், கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமியில் ஒரு வகை உண்டு, வைரஸ் என்று பெயர், பீங்கான் வடிகட்டியில் ஊற்றினாலும் தங்காமல் ஒழுகிவிடும், பூதக்கண்ணாடியிலும் தெரியாது, அதுவாக இருக்கலாம் என்று எனக்குப் பிரியமாகச் சொல்லிக்கொடுத்தார். நான் அதைக் கூண்டுக்காரருக்குச் சொன்னேன்.

"கண்ணுக்கும் தெரியாது, வடிகட்டியிலயும் நிக்காது. அப்போ இருக்குன்னு இவருக்கு யாருவே வந்து சொன்னா?"

இதை நான் துரையிடம், "மிகவும் வியப்பாக உள்ளது என்கிறார்" என்று மடித்துக் கொடுத்தேன்.

இதற்கிடையில் வேப்பிலைச் சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. துரை வந்த அன்றே ஒவ்வொரு கூண்டுக் கம்பியிலும் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. துரை கேள்வித் தாளை எடுத்து, தீனி என்ற இடத்தில் கேப்பை, கிழங்கு, கடலை என்பதோடு 'வேப்பிலை' என்றும் சேர்த்தார். மறுநாள் அவருக்குப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கசப்பான இலையைத் தின்றால் வயிறு என்னாகும், ஈரல் என்னாகும், நோய்க்குக் காரணமே இதுதானோ? எல்லாக் கொத்தையும் உருவி எறியச் சொன்னார். எறிந்தோம். மறுநாள் காலையில் புதுக் கொத்து தொங்கியது. மறுபடி உருவினோம். மறுபடி தொங்கியது.

"யார் இதைச் செய்வது?" என்றார் துரை.

வேறு யார்? அந்த அக்காதான். நான் போய்ச் சொன்னேன். "அக்கா, வேப்பில வேண்டாம்னு சொல்லுதாரு."

"அவரு வேண்டாம்னா? கட்ட வேண்டியத கட்டித்தான் ஆகணும். தெரியாத மாதிரி கேக்கீரு" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

கிராமத்தில் எதற்கும் வேப்பிலை செருகுவார்கள், கண்ணேறு படாமல் இருக்கச் செருகியிருக்கிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். துரையிடம், "பழக்கம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். அவர் அதைத் தீனிப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டார் போல. சோதனை செய்து பார்த்துவிடுவோம் என்று, ஒரு கொத்தை எடுத்து, தேறி வந்த ஒரு கிழட்டுக் குரங்கின் முன்னால் நீட்டினார். அது வாங்கியது. மோந்து பார்த்தது. ஒரு இலையை நாக்கில் வைத்தது. பிறகு கொத்தைச் சுருட்டி அவர் மூஞ்சியிலேயே எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. துரை அமைதியாக, 'விரும்பி உண்பதில்லை' என்று எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை அவருடைய ஸ்பிரிட் அடுப்பு சாரலில் நனைந்து பற்றவில்லை. ஊசியைக் கொதிக்க வைக்க வெந்நீர் வாங்கி வரச் சொல்லி என்னைக் கூண்டுக்காரர் வீட்டுக்கு அனுப்பினார். வீடு தோப்பின் மறுபக்கம், தெருவைப் பார்த்து இருந்தது. துரை அந்தப் பக்கம் போனதே கிடையாது.

வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. நடையில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. உள்ளே பாயில், வெள்ளைத் துணியில், நாலு வயசுப் பையன் ஒருத்தன் முகமெல்லாம் செம்மணல் தூவின மாதிரி படுத்திருந்தான். மூத்த பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்குலையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று, அந்தக் களை முகத்தில் தெரிந்தது. மணல்வாரி அம்மை.

நம் பக்கத்தில் அதற்கு ஒரு நடைமுறை உண்டு, எனக்கும் அது தாய்ப்பாலோடு வந்தது. அம்மை கண்ட வீட்டில் யாரும் சீக்கு என்று சொல்லமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கா, விளையாடுதா, இறங்குவா என்பார்கள். வந்திருப்பவளைச் சீக்கு என்றால் அவள் முகம் கோணுமே. இறங்கியபின் நாள் விட்டு மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் விடுகிறவரை வெளியாள் படியேறக் கூடாது. அந்த வீட்டிலிருந்து நெருப்போ உப்போ தண்ணீரோ வெளியே போகக் கூடாது. பார்த்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எதுவும் கேட்காமல் திரும்பிவிடவேண்டும். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த அக்கா உள்ளேயிருந்தே, "தம்பி, இங்கேருந்து ஒண்ணும் எடுத்துக் குடுக்கப்படாது. ரெண்டு வீடு தள்ளிக் கேளுங்க" என்றாள். கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

துரை, "ஏன் இத்தனை தாமதம்?" என்றார்.

"அடுத்த வீட்டில் வாங்கி வந்தேன்" என்றேன். அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஊர்ப் பழக்கம் பாதி. மீதி, கூச்சம். பீங்கான் வடிகட்டியைப் பற்றியெல்லாம் எனக்குச் சமமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த மனுஷரிடம் போய், ஆத்தா வந்திருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? என்னையும் சேர்த்துக் காட்டான் என்று நினைப்பாரே. மனுஷருக்கு வரும் அம்மை குரங்குக்கு வரும் என்று நான் படித்த மாட்டுப் புத்தகம் எதிலும் இல்லை. ஆக, இரண்டு வேப்பிலையும் என் கண்ணுக்கு நேரே தொங்கின, நான் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை.

கூண்டுக்காரர்தான் தோப்பில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "பாத்துட்டீருல்லா? ஆத்தா வீட்ல இருக்கா. இந்த நேரத்துல நான் உசுரக் கொல்லலாமா? பெரியவளுக்கு நல்லா இறங்கிட்டா. சின்னவனுக்கு இன்னும் இறங்கல. கைக்குழந்தைக்கும் நேத்துலேர்ந்து மேலு சுடுது. சனிக்கிழமைய ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லும்வே, உமக்குப் புண்ணியமாப் போகும்."

துரையிடம் கேட்டேன். "கூண்டுக்காரர் ஒரு வார அவகாசம் வேண்டுகிறார்." "காரணம்?" என்றார். "குடும்ப காரியம்" என்றேன். துரை முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். குடும்ப காரியத்துக்காகத் தொற்று நோய் காத்திருக்குமா?

வெள்ளிக்கிழமை இன்னும் மூன்று குரங்குகள் படுத்தன. சனிக்கிழமை விடிந்தது. துரை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து குளோரோபாம் சீசாவும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கூண்டுக்காரர் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, கூண்டுப் பக்கம் போகாமல், தென்னையில் தேங்காய் எத்தனை என்று பார்க்கிறவர் மாதிரி அண்ணாந்து நின்றார்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தாள். இடுப்பில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு, கையில் புது வேப்பங்குலை. நேராக முதல் கூண்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"ஏங்க, நீங்க அந்தச் சாக்க கீழ போடுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நான் சொல்லதச் சொல்லும். ஒண்ணு விடாமச் சொல்லணும். நீரு பாதிய முழுங்கிட்டுத்தான் சொல்லுதீருன்னு எனக்குத் தெரியும். அவரு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஒரு நாளாவது அந்த மனுஷன் சிரிச்சாரா?"

"சொல்லுங்க அக்கா."

"இதுகளுக்கு வந்திருக்கது ஆத்தா. எட்டு நாளா வேப்பில கட்டி, நீங்க அவுத்து, நான் கட்டி. கண்ணவிஞ்சா போச்சு ஒங்களுக்கு? தலைக்கு மூணு தண்ணி விடுத வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது. என் பிள்ளையளுக்கு எப்படி முத்து போட்டுச்சோ அதே மாதிரிதான் இதுகளுக்கும். மூஞ்சியப் பாரும், வயித்தப் பாரும். என் பிள்ளையள் பாய்ல கெடக்கையில நீங்க இதுகளக் கொன்னா, ஆத்தா எங்க வீட்டுலதான கேப்பா? மெட்ராசுக்கா போவா?"

சீசாவைக் கீழே வைத்தேன். அன்றைக்கு முதல் தடவையாக மடிக்காமல், துவைக்காமல், கண்ணவிந்த பேச்சு உள்படச் சொன்னேன். அவளுடைய பிள்ளைகளுக்கும் இதே முத்து என்று சொன்ன இடத்தில் துரை கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பிள்ளைகளா? எந்தப் பிள்ளைகள்? நோய் எவருக்கும் இல்லை என்றல்லவா எழுதினேன்?"

"அது நோய் இல்லையே, ஐயா" என்றேன். சொல்லிவிட்டுத்தான் என் காதிலேயே அது விழுந்தது.

அடுத்த கால் மணி நேரம் எல்லாவற்றையும் கொட்டினேன். பெண்பிள்ளைக்கு ஒரு மாசத்துக்கு முன்னால் இருமலும் ஜலதோஷமுமாக இருந்தது, அந்த நாட்களிலும் அவள்தான் கடலை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள், பிறகு அம்மை கண்டது, அதற்குப் பிறகு குரங்கு, பிறகு தம்பி. துரை எழுதிக்கொண்டே வந்தவர், வேப்பிலை என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொன்னதும் பென்சிலை நிறுத்தினார். கேள்வித் தாளைத் திருப்பி, தீனி என்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காது சிவந்துவிட்டது. நல்ல மனுஷர், ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார்.

அக்கா நடையிலேயே மறித்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். காலைக் கழுவச் சொன்னாள். வெளியிலிருந்து வந்த சூட்டோடு ஏறக்கூடாது, சற்று ஆற வேண்டும் என்று தெருவில் நிற்க வைத்தாள். ஆறடி துரை சாரலில் வெறுங்காலோடு ஆறிக்கொண்டு நின்றதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. "புது மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு நேரம் ஆகாது" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

உள்ளே போய்ப் பையனை வெகு நேரம் பார்த்தார். பிறகு, நாலைந்து நாளாகக் காய்ச்சலாய் இருந்த கைக்குழந்தையைக் கேட்டார். அதன் உடம்பில் இன்னும் ஒரு முத்தும் எழும்பவில்லை. ஒரு கரண்டிக் காம்பால் அதன் கன்னத்தை மெல்ல உள்ளிருந்து விலக்கி, வெளிச்சத்தில் திருப்பினார். என்னையும் பார்க்கச் சொன்னார். கன்னத்தின் உட்பக்கம் சிவப்பில் உப்புப் பொடி தூவின மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். மணல்வாரியில் முத்து எழும்புவதற்கு முன்னால் இது தெரியும் என்றார்.

வெறுங்காலோடே தோப்புக்கு ஓடினார். முந்தின நாள் படுத்த குரங்கு ஒன்றைக் கூண்டுக்காரர் பிடித்துக் கொடுத்தார். வாயைத் திறக்க வைத்தோம். அது சம்மதிக்கவில்லை, என் கட்டைவிரலில் இன்றும் அந்தத் தழும்பு உண்டு. ஆனால் பார்த்துவிட்டோம். அதே உப்புப் பொடி.

துரை குரங்கை விட்டுவிட்டு எழுந்து அந்த அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மையார் முதல் நாளே அறிந்திருந்தார். நான் அறியாமல் இருந்தேன்."

"என்ன சொல்லுதாரு?"

"நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லுதாரு."

"அதச் சொல்ல எட்டு நாளா?" என்றாள். இதையும் சொன்னேன். துரை அன்றைக்குத்தான் சிரித்தார்.

ஆனால் எல்லாம் ஆத்தா பக்கமே முடியவில்லை. குரங்குகளுக்கு இது பிள்ளையிடமிருந்து போனது, கூட்டம் கூட்டமாக ஒரே கொட்டகையில் அடைத்து வைத்ததால்தான் இத்தனை வேகமாகப் பரவியது என்று துரை விளக்கினார். இனிப் பிள்ளைகள் கொட்டகைக்கு வரக்கூடாது, படுத்தவற்றைத் தனியாகப் பிரித்து வைக்கவேண்டும் என்றார். அக்கா அதற்கு ஒப்புக்கொண்டாள். புது நோய் இல்லை, பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், கொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு தரம் அம்மை கண்ட குரங்கு மெட்ராசில் அவர்கள் ஆராய்ச்சிக்கு ஆகாது. குணமானதும் விட்டுவிடலாம்.

"எப்போது வரை வைத்திருக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

துரை யோசித்தார். நாள் கணக்குச் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "அம்மையார் என்ன சொல்கிறார்?" என்றார்.

"மூணாம் தண்ணி வரைக்கும்" என்றாள்.

அவர் தம் குறிப்பில் இருந்ததை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கடைசியாகப் படுத்த குரங்குக்கு மூணாம் தண்ணீர் எந்த நாள் வரும் என்று அவளிடமே கேட்டு, தம் கணக்குக்கு அது இரண்டு நாள் கூடுதலாகவே வருகிறது, நல்லதுதான் என்றார். அறிக்கையை நகல் எடுத்தது நான்தான். எத்தனை நாள் ஒதுக்கி வைப்பது என்ற இடத்தில் 'மூன்றாம் தண்ணீர் வரை' என்று எழுதியிருந்தது. மெட்ராசில் அதைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

தண்ணீர் விடுகிற வைபவத்தை எப்படி எழுதுவது? மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் நாலு அண்டா. அந்த வருஷம் வெயிலை நாங்கள் துண்டு துண்டாகத்தான் பார்த்தோம் என்பதால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெயில் போன இடமெல்லாம் போனோம். அருவியில் மணிக்கணக்கில் கிடக்கிற குரங்குகள்தானே, தண்ணீருக்குப் பயப்படாது என்று நினைத்தேன். சொந்த இஷ்டத்தில் நனைவது வேறு போல. முதல் செம்பு விழுந்ததும் கொட்டகையில் எழுந்த கூச்சலுக்கு ரயில் பாதையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பெரிய மாமா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினார். நாத்தனார் செம்பையே பிடுங்கிக்கொண்டது. துரை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார், அரை மணி நேரத்தில் அது மஞ்சள் வேட்டி ஆகிவிட்டது. எல்லோருக்கும் பச்சரிசி மாவில் வெல்லம் போட்ட துள்ளுமாவும் இளநீரும் உண்டு. துள்ளுமாவை அவர் மூன்று தடவை வாங்கித் தின்றார்.

இன்னும் இரண்டு குரங்குகள் இடையில் போய்விட்டன. மீதி இருபத்தாறும் தேறிவிட்டன. வீட்டில் பையனும் கைக்குழந்தையும் எழுந்துவிட்டார்கள். மூணாம் தண்ணீர் முடிந்த மறுநாள் காலையில் கூண்டுக்காரர் ஒவ்வொரு கூண்டாகக் கதவைத் திறந்தார்.

ஒன்றும் வெளியே வரவில்லை. உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. கூண்டுக்காரர் பழத்தை எறிந்து பார்த்தார். "ஏலே, போங்கலே" என்று கெஞ்சினார். அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தால் அவை கூண்டுக்குள் ஒரு எட்டுப் பின்னால் போயின.

"ஒங்கள நம்பாதுங்க. பிடிச்ச கையில்லா? அந்தப் பக்கம் போய்த் திரும்பி நில்லுங்க" என்றாள் மனைவி.

அவர் மறுபேச்சுப் பேசாமல் போய், ஒரு தென்னையைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு வால் தெரிந்தது. பிறகு இன்னொன்று.

"போகுதாவே?" என்று திரும்பாமலே கேட்டார்.

"போகுது, போகுது."

"எல்லாமா?"

"ஒண்ணு மட்டும் ஒங்க வீட்டுக் கூரை மேல ஏறி ஓட்டப் பிரிச்சுக்கிட்டு இருக்கு."

அவர் இன்னும் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"பிரிக்கட்டும்" என்றார்.